இந்த வாரம் என்ன உடைந்தது

மனைவி அம்மிணி ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை, தன் வீட்டில் எதுவும் பழுதாவதில்லை என்றுதான் ஜகந்நாதன் நினைத்துக்கொண்டிருந்தான். பம்பாய் மாதுங்காவில் இரண்டாவது மாடியில், இரண்டு அறையும் ஓர் அடுக்களையுமாக அவர்கள் குடியிருந்த வீடு அவனைவிட வயதில் மூத்தது. அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் குழாய் ஒழுகுகிறது, கதவு சாத்தமாட்டேனென்கிறது என்று வீட்டுக்காரரோடு மல்லுக்கு நிற்பார்கள். "நம்மாத்துல அப்படி ஒண்ணும் கெடையாது" என்று ஜகந்நாதன் ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவன் குமாஸ்தா. காலையில் குளித்துச் சாப்பிட்டு ரயிலேறினால் சாயங்காலம் வந்து காப்பி குடிப்பான். நடுவில் வீடு எப்படி நடந்தது என்று அவன் கேட்டதில்லை. அம்மிணியும் சொன்னதில்லை.

பம்பாயில் டிராம் வண்டிகள் ஓய்ந்துபோன வருஷம் அது. சித்திரை மாசத்தில் அம்மிணிக்கு இருமல் வந்தது. கஷாயத்துக்கும் நிற்கவில்லை, மருந்துக்கும் நிற்கவில்லை. ஒருநாள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தவள் அதை அவசரமாக மடித்து மறைத்தாள். அவன் பிரித்துப் பார்த்தான். ரத்தம். அடுத்த வாரமே அவளைக் கடலோரத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஏழு வயதுப் பெண் விஜயலக்ஷ்மியை அம்மிணியின் அக்கா வாலாம்பாள் செம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் ஜகந்நாதன் ஒற்றை ஆளானான்.

நோயாளிகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் விடுவார்கள். முதல் சில வாரங்கள் அவன் போனபோதெல்லாம் அம்மிணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலிலிருந்து நாலடி தள்ளி ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "எப்படி இருக்கே?" என்பான். "இருக்கேன்" என்பாள். அதோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பாமலே சொன்னாள்:

"அக்கா விஜியை நன்னாப் பாத்துப்பா. நீங்க இப்படி வாரா வாரம் அலைய வேண்டாம்."

வெளியே வந்தபோது வார்டு ஸிஸ்டர் அவனை நிறுத்தினாள். மாத்திரைகளை அம்மிணி விழுங்குவதில்லை, தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிடுகிறாள் என்றாள். இந்த வியாதி மருந்துக்குக் கேட்கும், ஆனால் மருந்து வயிற்றுக்குள் போகவேண்டும், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றாள். என்ன சொல்வது? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அம்மிணியிடம் எதையாவது எடுத்துச் சொல்லிப் பழக்கமே இல்லை அவனுக்கு. எல்லாம் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்தில்தான் குழாய் உடைந்தது.

விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். அதற்குள் பிடித்து வைத்துக்கொள்ளவேண்டும். அடுக்களைக் குழாய் இரண்டு நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஜகந்நாதன் தன் பலமெல்லாம் கூட்டி இறுக்கினான். சொட்டியது ஒழுகத் தொடங்கியது. பக்கத்து வீட்டில் குறடு வாங்கிவந்து குழாயின் தலையைக் கழற்றிப் பார்க்கலாம் என்று திருகினான். தலை அவன் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் விட்டத்துக்கு எழும்பியது. துணியைச் சுருட்டி அடைத்தான், உள்ளங்கையால் அழுத்தினான், அரிசி டின்னை நகர்த்தினான். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டு இந்தியில் சத்தம் போட ஆரம்பித்தார். கடைசியில் தண்ணீரை நிறுத்தியது ஜகந்நாதன் அல்ல, முனிசிபாலிட்டி. நேரம் முடிந்து தானாகவே நின்றது. முட்டி நனைய அடுக்களையில் நின்றவன் கையை விரித்துப் பார்த்தான். குழாய்த் தலைக்குள்ளிருந்து கறுப்பாக, வட்டமாக ஒரு ரப்பர்த் துண்டு விழுந்திருந்தது. ஓரமெல்லாம் கோணல்மாணலாக, யாரோ கத்தரிக்கோலால் வெட்டியது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் பற்றிப் பேசவேண்டுமென்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வேறெதுவும் தோன்றாமல், "குழாய் போயிடுத்து" என்றான்.

அம்மிணியின் முதுகு கொஞ்சம் அசைந்தது.

"எந்தக் குழாய்?"

"அடுக்களைக் குழாய்."

"ரொம்ப இறுக்கினேளா?"

"சொட்டித்து. அதனால இறுக்கினேன்."

அவள் திரும்பிப் படுத்தாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் கண்ணில் எரிச்சல் தெரிந்தது. அந்த எரிச்சலைப் பார்க்க அவனுக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

"அதை இறுக்கப்படாது. உள்ள இருந்த வாஷர் எப்பவோ தேஞ்சு போயிடுத்து. நான் சைக்கிள் டியூபை வட்டமா வெட்டிப் போட்டிருக்கேன். மெதுவாத் திருகினாத்தான் நிக்கும்."

"நீயா?"

"பின்னே யாரு, வீட்டுக்காரரா வந்து போட்டார்?"

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அரிசி டின்னுக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு பித்தளைத் திருகு இருக்கிறது, அதை மூடிவிட்டால் அடுக்களைக்குத் தண்ணீர் வராது, அதை மூடிக்கொண்டுதான் குழாயைத் தொடவேண்டும் என்றாள். பழைய டியூப் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசாக வெட்டவேண்டும், எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று விரலாலே காற்றில் வரைந்து காட்டினாள். பேசி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தலையை வெளியே நீட்டி, "யக்கா, நீங்க இம்புட்டுப் பேசுவியளா?" என்றாள்.

அவள் பெயர் ராபியா. தாராவிக்காரி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள்.

திங்கட்கிழமை ஜகந்நாதன் ரப்பரை வெட்டிப் போட்டான். முதல் துண்டு பெரிசாகிவிட்டது, இரண்டாவது சின்னது, மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. குழாயை மெதுவாகத் திருகினான். நின்றது. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் இன்னொரு தடவை திறந்து மூடிப் பார்த்தான்.

அதற்குப் பிறகு வீடு ஒவ்வொன்றாகத் தன் ரகசியங்களை வெளிப்படுத்த ஆரம்பித்தது. ஸ்டவ்வுக்குக் காற்று ஏறவில்லை. "பம்புல தோல் வாஷர் காஞ்சு போயிருக்கும். வெளிய எடுத்து, ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு ஊற வச்சுப் போடுங்கோ" என்றாள் அம்மிணி. வாசற்கதவின் கீல் தொங்கியது. ஸ்க்ரூவைப் போட்டால் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு விழுந்தது. "அந்த ஓட்டை பெரிசாயிடுத்து. தீக்குச்சித் தலையைக் கிள்ளிட்டு ரெண்டு மூணு குச்சியை ஓட்டைக்குள்ள சொருகுங்கோ. அப்பறமா ஸ்க்ரூவைத் திருகினா கடிச்சுக்கும்" என்றாள். அப்படியே கடித்துக்கொண்டது. அடுக்களையில் சாயாமல் நின்ற முக்காலியைத் திருப்பிப் பார்த்தான். ஒரு காலுக்கடியில் ரப்பர் வைத்துத் தைத்த துணித்தொப்பி மாட்டியிருந்தது. அதைச் செய்துகொண்டு அவள் தரையில் உட்கார்ந்திருந்த மத்தியானங்களில் தான் எங்கே இருந்தோம் என்று நினைத்துப் பார்த்தான். ஆபீசில்தான் இருந்திருப்பான். ஆனால் சாயங்காலங்களில் வீட்டில்தானே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராபியா அவனை வாசலிலேயே பிடித்துக்கொள்வாள்.

"வாங்கண்ணாச்சி. இந்த வாரம் என்ன உடைஞ்சிச்சு?"

கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். அம்மிணி அதற்குள் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, முடியை முடிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். ஸிஸ்டர் ஒருநாள் தாழ்வாரத்தில் அவனைப் பார்த்து, மாத்திரை இப்போது ஒழுங்காக உள்ளே போகிறது என்றாள். மாத்திரையைப் பற்றித் தான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்றான் அவன். "என்ன பேசினீர்களோ, அதையே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மழை பிடித்துக்கொண்டதும் அடுக்களை ஜன்னல் தகராறு செய்தது. முதல் காற்றிலேயே கதவு படாரென்று திறந்துகொண்டு மழை உள்ளே அடித்தது. அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தது பழைய புடவைக் கரையில் கிழித்த ஒரு நாடா. அது இற்றுப்போய் அறுந்திருந்தது. இதைக் கேட்டதும் அம்மிணி யோசித்தாள்.

"அந்தக் கொண்டியோட நாக்கு உடைஞ்சு வருஷக்கணக்காச்சு. அந்த அளவுல பித்தளைக் கொண்டி இப்போ எந்தக் கடையிலயும் கெடைக்கலை. நான் தேடிப் பாத்துட்டேன்."

"எங்க வீட்டுக்காரருட்ட இருக்கும்" என்றாள் ராபியா. "பழைய பங்களா இடிக்கிற எடத்துலருந்து கதவு, ஜன்னல், கொண்டியெல்லாம் வாங்கிப் போடுதாரு. கும்பாரவாடா தாண்டி கரீம் பாட்சா கடைன்னு கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மாதுங்காவிலிருந்து தாராவி நடக்கிற தூரம்தான். இத்தனை வருஷத்தில் ஜகந்நாதன் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. சூளைப் புகைக்கும் காயப்போட்ட பானைகளுக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு போனான். கடை என்றால் கடையில்லை. தகரக் கூரைக்கடியில் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு மலைபோலப் பித்தளையும் இரும்பும் குவிந்திருந்தன. கரீம் பாட்சா உயரமாக, கொஞ்சம் கூனலாக இருந்தார். ராபியாவின் பெயரைச் சொன்னதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"அவ எப்படி இருக்கா? போன வாரம் நான் போக முடியலை. சாப்பிடுதாளா?"

"நன்னாப் பேசறா. சிரிக்கறா" என்றான் ஜகந்நாதன்.

கரீம் பாட்சா கொண்டியின் அளவைக் கேட்டுக்கொண்டார். பிறகு குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளறத் தொடங்கினார். ஜகந்நாதனும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். இரண்டு பேருமாகத் தேடினார்கள். தேடிக்கொண்டே, ராபியாவுக்கு முதலில் எப்படிக் காய்ச்சல் வந்தது, தெருக்காரர்கள் எப்படி வீட்டுப்பக்கம் வருவதை நிறுத்தினார்கள் என்று அவர் சொன்னார். தன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பால்காரன் இப்போது படியிலேயே செம்பை வைத்துவிட்டுப் போகிறான் என்று ஜகந்நாதன் சொன்னான். இதை அவன் வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. இருட்டுகிற நேரத்துக்கு அந்த அளவுக் கொண்டி அகப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆவணி பிறக்கும்போது ராபியாவுக்கு வீட்டுக்குப் போகலாமென்று சொல்லிவிட்டார்கள். போகிற அன்று அம்மிணியின் கட்டிலருகே வந்து நின்று, "யக்கா, அடுத்தது நீங்கதான்" என்றாள். அவள் கட்டிலுக்கு வந்தவள் தமிழ் தெரியாத ஒரு குஜராத்திக் கிழவி. அம்மிணிக்குப் பேச்சு குறைந்தது. மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்புகிறாளோ என்று ஜகந்நாதனுக்குப் பயம் தட்டியது.

இந்தச் சமயம் பார்த்து வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. குழாய் சொட்டவில்லை. ஸ்டவ் சீறிக்கொண்டு எரிந்தது. கதவுகள் சொன்னபடி கேட்டன. சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு மூலையாகப் பார்த்தான், உடைந்தது ஒன்றுகூட அகப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகும்போது ஒரு முடிவுக்கு வந்தான். ஸ்டூலில் உட்கார்ந்ததும் சொன்னான்:

"உள் ரூம் மர அலமாரி இருக்கே, அதோட கதவுக் கீல் கழண்டுடுத்து."

அம்மிணி அவனையே பார்த்தாள்.

"எந்த அலமாரி?"

"மர அலமாரி. விஜி புஸ்தகமெல்லாம் வைக்கறது."

"அதுல கீலே கெடையாதே. அது தள்ளற கதவாக்கும்."

ஜகந்நாதனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. காதுமடல் சுட்டது. அம்மிணியின் உதடு துடித்தது. பிறகு அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடியும் சிரிப்பு வந்தது. ஸிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பொய் சொல்றதுக்காவது ஆத்தைச் சரியாத் தெரிஞ்சு வச்சுக்கப்படாதா?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் உடையலை. வந்து உக்காந்தா என்ன பேசறதுன்னு தெரியலை."

"உடையலேன்னா உடையலேன்னு சொல்றது."

"நீ இல்லாம எல்லாம் நடக்கறதுன்னு சொன்னா உனக்கு வருத்தமா இருக்குமோன்னு..."

அம்மிணி போர்வை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வருத்தமாத்தான் இருக்கு" என்றாள். "இருந்தாலும் நீங்க கையில ஸ்க்ரூ டிரைவரோட முக்காலியைத் திருப்பிப் பாத்துண்டிருக்கறதை நெனச்சா எனக்கு அந்த ஆத்துக்குத் திரும்பி வரணும்போல இருக்கு. முன்னாடியெல்லாம் அப்படித் தோணினதில்லை."

அன்று மணி அடிக்கிறவரை பேசிக்கொண்டிருந்தார்கள். பழுதைப் பற்றி இல்லை. அவள் சின்ன வயதில் பாலக்காட்டில் மாமாவின் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அடி வாங்கிய கதை, அவன் ஆபீசில் புதிதாக வந்த மானேஜரின் மீசை, விஜிக்கு விழுந்த முன்பல். வீடு திரும்பும்போது, இவ்வளவு நேரம் இவளோடு இதற்கு முன் எப்போது பேசியிருக்கிறேன் என்று ஜகந்நாதன் யோசித்தான். நினைவுக்கு வரவில்லை.

புரட்டாசியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். கோழையில் இப்போது கிருமி இல்லை, மற்றவர்களுக்கு ஒட்டுமென்ற பயமும் இல்லை. மாத்திரையை வீட்டிலேயே தொடரலாம். ஆனால் காற்றும் வெளிச்சமும் வருகிற இடத்தில் படுக்கவேண்டும். "வீட்டில் அப்படி நல்ல ஜன்னல் இருக்கிறதா?" என்று கேட்டார். ஜகந்நாதன் யோசிக்காமல், இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து கூடத்து ஜன்னலெதிரே நின்றான். தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல் அது. விஜி தவழ்ந்து, பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்த காலத்தில், குழந்தை விழுந்துவிடப் போகிறதே என்று அவனே நாலு பக்கமும் ஆணி அடித்து மூடியது. குழந்தை பெரியவளானாள், ஜன்னல் மூடியே கிடந்தது. இரண்டு முறை வெள்ளையடித்தபோது மேலேயே பெயிண்டும் பூசிவிட்டார்கள். குறுக்கே ஒரு காலண்டர் தொங்கியது.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் வேலையை ஆரம்பித்தான். ஆணித்தலைகள் துருவேறி, பிடித்து இழுத்தால் முறிந்தன. கரீம் பாட்சாவிடம் ஆணி பிடுங்கும் கம்பி கேட்டிருந்தான். அவர் கம்பியோடு தானே வந்து நின்றார்.

"தள்ளுங்க, நான் பாக்கேன்."

"வேண்டாம். நானே பண்றேன். நீங்க உக்காருங்கோ."

உள்ளே போய் ஸ்டவ்வைப் பற்றவைத்து, காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கரீம் பாட்சா தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜகந்நாதன் கம்பியால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, அடுக்களைக் கத்தியால் பெயிண்ட் ஒட்டியிருந்த இடுக்கெல்லாம் கீறினான். அடிக்கட்டை மழையில் ஊறி உப்பியிருந்தது. அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தான். உள்ளங்கையில் தோல் உரிந்தது. "கீழ இல்ல, மேலருந்து தட்டுங்க" என்று மட்டும் கரீம் பாட்சா சொன்னார். மேலே தட்டியதும் மரம் முனகியது. இன்னொரு தட்டு. பெயிண்ட் உதிர்ந்து ஜன்னல் வெளியே திறந்துகொண்டது. ஒரு கண்ணாடி விரிசல் விட்டது. அந்த வினாடியே தெருவின் சத்தமெல்லாம் கூடத்துக்குள் வந்தது. எதிரே பாதாம் மரத்தின் உச்சி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஜகந்நாதனுக்கு மூச்சு இரைத்தது.

"நல்ல காத்து" என்றார் கரீம் பாட்சா. காலித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, விரிசல் விட்ட கண்ணாடியைச் சாணால் அளந்துகொண்டார். "கண்ணாடி நான் வெட்டிக் கொண்டாரேன். அது விழாம ஓரத்துல ஒட்டுத புட்டியை நீங்களே பூசுங்க. குறுக்க போட ரெண்டு கம்பியும் இருக்கு. பிள்ளை இருக்கிற வீடு."

அம்மிணி வந்தது மழை முழுக்க விட்டபிறகு, வெயில் மஞ்சளாக அடித்த ஒரு காலை. டாக்ஸியிலிருந்து இறங்கி, மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். அவன் கையை நீட்டினான். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அடுத்த திருப்பத்தில் அவளே பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அடுக்களைக்குத்தான் போனாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். ஜன்னல் கொண்டியைத் தூக்கிப் போட்டுப் பார்த்தாள். ஸ்டவ்வின் பம்பை ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் பரீட்சை எழுதினவன் மாதிரி வாசற்படியில் நின்றான்.

கூடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள். ஜன்னலடியில் கட்டில் போட்டிருந்தான். பாதாம் இலை ஒன்று உள்ளே விழுந்து படுக்கைமேல் கிடந்தது.

"நான் கேட்டிருக்கணும்னு எத்தனை தடவை நெனச்சேன், தெரியுமா?" என்றாள் மெதுவாக. "குழந்தைக்காக நீங்க அடிச்ச ஆணி. எடுக்கச் சொல்ல மனசு வரலை."

"சொல்லியிருந்தா எடுத்திருப்பேன்."

"அப்போ எடுத்திருக்க மாட்டேள்" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அவனும் மறுக்கவில்லை.

சாயங்காலம் வாலாம்பாள் விஜியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். குழந்தை ஆளே வளர்ந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள்; அது பெரியம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றது. அம்மிணியும் கூப்பிடவில்லை. காத்திருந்தாள். விஜியின் கண் அறையைச் சுற்றி வந்து ஜன்னலில் நிலைத்தது. மெல்ல நடந்து வந்து கட்டில்மேல் ஏறி, முட்டி போட்டு நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். கீழே பஸ் போயிற்று. பூக்காரி கூவிக்கொண்டு போனாள். ஒரு காக்கை பாதாம் கிளையில் வந்து உட்கார்ந்து இவளைப் பார்த்தது.

"அம்மா, இது எப்போ வந்தது?" என்றாள் விஜி திரும்பாமலே.

"அப்பா பண்ணினார்" என்றாள் அம்மிணி.

விஜி அப்பாவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அம்மிணியின் கை தானாகவே குழந்தையின் முதுகில் போய் விழுந்தது. வாலாம்பாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மிணி இன்னொரு கையால் கீழ்க்கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"இது லேசா ஆடறது."

"அப்படியா?" என்று ஜகந்நாதன் குனிந்து பார்த்தான். ஆடத்தான் ஆடியது.

"நாளைக்குப் பகல்ல பாக்கலாம். நான் பிடிச்சுக்கறேன், நீங்க திருகுங்கோ" என்றாள்.